ஸ்கோர்ஸ் என்பதற்குத் தமிழ்

இங்கிலிஷ் அறிக்கை பதினொரு பக்கம்.
நான்காம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.
திருக்கடலூரில் ஸ்கோர்ஸ் வலைகள்
காற்றோடு போயினவாம்.

ஸ்கோர் என்றால் எங்களுக்கு
மைதானத்துப் பலகை.
இப்போதும் யன்னலுக்கு வெளியே
பெடியன் ஒருவன் கத்துகிறான், ஸ்கோர் என்னடா?
மற்றவன் சொல்லும் பதிலில்
ஒரு எண் இருக்கிறது,
அடிபிடி வந்தாலும் மாறாத எண்.

அகராதி சொல்கிறது: ஸ்கோர், இருபது.
ஆடு எண்ணிய இடையன்
இருபதுக்கு ஒருதரம்
கோலில் வெட்டிய கீறல்.
முன்னால் ஒரு எண் நின்றால்
அடக்கமாக இருக்கும்.
மூன்று ஸ்கோர், அறுபது. நாலு ஸ்கோர், எண்பது.
தனியே விட்டு வாலில் ஒரு எஸ் ஒட்டினால்
இடையன் கோலைத் தூர எறிந்துவிடுகிறான்.
பல. மிகப் பல.
எண்ணவில்லை,
எண்ணப்போவதும் இல்லை.

அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை.
கொழும்பிலிருந்து வந்து
பத்து நிமிடம் கரையில் நின்றார்.
அங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.
கோட்டை மான்கள் எத்தனை என்று கேளுங்கள்,
இங்கேயே பிறந்த நானும்
கையைத்தான் விரிப்பேன்.

"பல வலைகள்" என்று எழுதிக் கொடுத்தேன்.
சிவப்பில் சுழித்துத் திரும்பி வந்தது.
விஜேகோன் ஐயா நல்ல மனிசன்,
தமிழைத் தமிழிலேயே வாசிப்பார், மெதுவாக.
"ஐந்தாம் கட்டத்துக்கு இலக்கம் வேணும், மிஸ்.
குறைஞ்சது நாற்பது எண்டு போடலாமோ?
ரெண்டு இருபது இல்லாமல் எஸ் வராதுதானே."

எங்களிடமும் பெரிய எண்கள் இருந்தனவாம்:
ஆம்பல், தாமரை, வெள்ளம்.
குளக்கரையில் எண்ணிக் களைத்த எவனோ
கண்ணில் பட்டதையெல்லாம்
எண்ணாக்கிவிட்டு எழும்பிப் போயிருக்கவேணும்.
ஐந்தாம் கட்டத்தில் வெள்ளம் என்று எழுதினால்
அனர்த்தத்தின் வகை என்று நினைப்பார்கள்.

வலைக்காரி வாசல் வாங்கில் இருந்தாள்,
செல்வமலர்,
மடியில் அடையாள அட்டையின் போட்டோப்பிரதி.

எத்தனை வலை, அக்கா?
கனக்க.
கனக்க எண்டால்?

விரலை விரித்தாள், மடித்தாள்.
சாளை வலை ஆறு,
அதில் ஒன்று தங்கச்சியின் சீதனம்.
நண்டு வலை பதினொன்று, எல்லாம் பழசு.
அறக்குளா வலை நாலு.
கடன் முடியாத நைலோன் எட்டு.
பிறகு,
மனிசன் கட்டினது எட்டு.
அந்த எட்டுக்கு மட்டும்
அவள் விரல் விரிக்கவில்லை.

முப்பத்தேழு.
நாற்பதுக்கு மூன்று குறைவு.
ஒரு எஸ்ஸுக்குக்கூட வழியில்லை.

கட்டத்தில் முப்பத்தேழு போட்டேன்.
நான்காம் பக்கத்தில், ஸ்கோர்ஸ் இருந்த இடத்தில்,
கனக்க வலைகள் போயின என்று எழுதினேன்.

விஜேகோன் ஐயா நிமிர்ந்தார்.
"கனக்க எண்டால் பாரம் எண்டும் வருமே, மிஸ்?"
"வரும், ஐயா."
"இதில் எது?"
மின்விசிறி ஒருதரம் முழுதாய்ச் சுற்றி முடிக்கும்வரை
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சிவப்புப் பேனையை மூடி வைத்தார்.
மை முடிந்தும் இருக்கலாம்.

வெளியே பந்து கானுக்குள் விழுந்து
ஆட்டம் நின்றிருந்தது.
செல்வமலர் செருப்பை மாட்டிக்கொண்டே
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இன்னும் மூண்டு போயிருந்தால்
வேற மாதிரி எழுதியிருப்பியளோ, மிஸ்?"